வீட்டுப் பட்டறையில் மரக் கடிகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மரக் கடிகாரம் ஓடுகிறது. பேட்டரி கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. கயிற்றில் தொங்கும் கல் இறங்க இறங்க முள் நகரும். வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரும் கையுமாக நின்று கேட்கிற கேள்விகளையும், செய்ய ஆரம்பித்துப் பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் போனில் கேட்கிற கேள்விகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் கடிகார மெக்கானிக் இல்லை, ஆசாரி குடும்பமும் இல்லை. மூன்று கடிகாரம் செய்தேன், அதில் முதலாவது அடுப்புக்குப் போனது. என் தகுதி அவ்வளவுதான்.

இது நிஜமாகவே நேரம் காட்டுமா, இல்லை சும்மா அழகுக்கா?

காட்டும். என்னுடையது இப்போது வாரத்துக்கு ஒரு நிமிடம் முன்னே பின்னே போகிறது. மரம் என்றாலே பொம்மை என்று நினைக்க வேண்டாம். கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க உதவிய கடிகாரத்தைச் செய்த ஜான் ஹாரிசன் அடிப்படையில் தச்சர். 1713 வாக்கில் அவர் செய்த முதல் கடிகாரங்களின் சக்கரங்கள் ஓக் மரம். இங்கிலாந்தில் பிராக்கிள்ஸ்பி பார்க் லாயத்துக்கு 1720களில் அவர் செய்த மரக் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. அமெரிக்காவில் எலை டெர்ரி என்பவர் 1800களின் தொடக்கத்தில் 4,000 மரக் கடிகார இயந்திரங்களை மூன்றே வருடத்தில் செய்து தருவதாக ஒப்பந்தம் போட்டு முடித்தும் கொடுத்தார்.

ஓசூரில் டைட்டன் ஆலையே இருக்கும்போது இந்த வேலை எதற்கு?

மாமனார் கேட்ட கேள்வி இது. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் ஒரு சின்னக் கல் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை யாராலும் பார்க்க முடியாது. இதில் இரண்டு விநாடிக்கு ஒரு பல் நகர்வதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் விரல் வைத்து எண்ணலாம். அவருக்கு இந்தப் பதில் திருப்தியாக இல்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது? சக்கரக் கணக்கைச் சொல்லுங்கள்.

மேலிருந்து கீழே வருவோம். கயிறு சுற்றிய உருளையோடு சேர்ந்தது பெரிய சக்கரம், 96 பல். அது 8 பல் பினியன் (சின்னப் பற்சக்கரம்) ஒன்றை ஓட்டுகிறது. 96-ஐ 8-ஆல் வகுத்தால் 12. ஆகவே பெரிய சக்கரம் 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்றால் பினியன் இருக்கும் நடுத்தண்டு மணிக்கு ஒரு சுற்று. நிமிட முள் அங்கே. நடுத்தண்டில் 64 பல் சக்கரம், அது மூன்றாம் தண்டின் 8 பல் பினியனை ஓட்டும். மூன்றாம் தண்டில் 60 பல் சக்கரம், அது கடைசித் தண்டின் 8 பல் பினியனை ஓட்டும். 8 பெருக்கல் ஏழரை, 60. கடைசித் தண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று.

அந்தக் கடைசித் தண்டில்தான் 30 பல் உள்ள எஸ்கேப் சக்கரம். அதன் மேல் நங்கூரம் மாதிரி வளைந்த ஒரு துண்டு உட்கார்ந்து, ஊசல் இடமும் வலமும் போகும்போது ஒவ்வொரு பல்லையும் இரண்டு தடவை பிடித்து விடும். 30 பல், 60 டிக். விநாடி முள்ளை நேராக அதிலேயே மாட்டிவிடலாம்.

மணி முள்ளுக்கு முகப்புத்தட்டின் பின்னால் தனியாக நான்கு சின்னச் சக்கரம்: 10 பல் 30-ஐ ஓட்டும், 8 பல் 32-ஐ ஓட்டும். மூன்று பெருக்கல் நான்கு, 12. இரண்டு ஜோடியையும் கூட்டினால் 40 வருவதால் ஒரே நடுத்தூரத்தில் (இரண்டு தண்டுகளின் நடுவுக்கு நடு உள்ள தூரம்) பொருந்திவிடும். இதைத் தாளில் போட்டுப் பார்த்து அது சரியாக உட்கார்ந்த அன்று சாப்பாடு கூட மறந்துபோனது.

எந்த மரம் வாங்குவது? நம்ம ஊரில் மா மரம் சும்மா கிடைக்கிறதே?

கிடைக்கிறது. தோப்பில் கிழட்டு மரம் வெட்டும்போதெல்லாம் பலகை மலிவு. என் முதல் கடிகாரம் மா மரம்தான், அடுப்புக்குப் போனது அதுதான். சித்திரையில் 160 மிமீ வட்டமாக வெட்டிய சக்கரம் ஐப்பசி மழையில் நீள்வட்டமாகிவிட்டது. ஒரு வாக்கில் 160, அதற்குக் குறுக்குவாக்கில் 161.5. பல் உயரமே ஐந்தரை மிமீ இருக்கிற இடத்தில் ஒன்றரை மிமீ என்றால் ஒரு பக்கம் இறுகும், மறு பக்கம் வழுக்கும்.

மா மரத்தின் மேல் பழி போட முடியாது. எந்த மரமும் நார் ஓடுகிற நீளவாக்கில் அசையாது. குறுக்குவாக்கில்தான் ஈரம் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஒற்றைப் பலகையில் வெட்டிய சக்கரம் எதுவானாலும் இந்தக் கதைதான், தேக்கில் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. அதனால் சக்கரத்துக்கு ப்ளைவுட். அடுக்குக்கு அடுக்கு நார் திசை மாறுவதால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

சட்டத்துக்குத் தேக்கு. புதுத் தேக்கு வேண்டாம். வீடு இடித்த சாமான் விற்கும் கடையில் பழைய நிலை, ஜன்னல் சட்டம் கிடைக்கும். ஐம்பது வருடம் வெயில் மழை பார்த்த மரம் இனிமேல் புதிதாக ஒன்றும் செய்யாது. ஆணி ஒளிந்திருக்கும், காந்தம் வைத்துத் தேடிவிட்டு ரம்பம் போடுங்கள். நங்கூரத்தின் இரண்டு நுனிக்கு மட்டும் ஈட்டி மாதிரிக் கெட்டி மரம் வேண்டும். அது கட்டைவிரல் அளவுத் துண்டு. உடைந்த பழைய கட்டில் கால் போதும்.

ப்ளைவுட்டில் எது?

பலகையில் ஐஎஸ் 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட்) பார்த்து வாங்குங்கள், 9 மிமீ. முத்திரையோடு நிறுத்தாமல் ஓரத்தையும் பாருங்கள். நடு அடுக்கில் ஓட்டை, சந்து தெரிந்தால் வேண்டாம். என் அளவில் ஒரு பல்லின் தடிமன் 4 மிமீக்கும் குறைவு. அந்த இடத்தில் சந்து விழுந்தால் பல்லே விழுந்துவிடும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பக்கம் போகவே வேண்டாம்.

பல்லை எப்படி வெட்டினீர்கள்? கையால் முடியுமா?

இரண்டாவது கடிகாரத்துக்குக் கையால்தான் வெட்டினேன். கணினியில் வரைந்து தாளில் அச்செடுத்து, ப்ளைவுட்டில் ஒட்டி, பல் அடியில் முதலில் துளை போட்டு, பிறகு மெல்லிய ரம்பத்தால் அறுத்து அரம் போடுவது. 96 பல் சக்கரத்துக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அச்செடுக்கும்போது அளவு நூற்றுக்கு நூறு இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பிரிண்டர் தானாகவே 97 சதவீதமாகச் சுருக்கிவிடும், நான்கு ஞாயிற்றுக்கிழமை வீணாகும்.

மூன்றாவதற்கு, கதவில் கஜலட்சுமி செதுக்கித் தரும் சிஎன்சி (கணினி ஓட்டும் செதுக்கு இயந்திரம்) கடைக்குப் போனேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எங்கும் இந்தக் கடைகள் வந்துவிட்டன. 2 மிமீ பிட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கதவு வேலைக்கு வைத்திருக்கும் 6 மிமீ பிட் பல் இடுக்குக்குள் நுழையாது. கடைத் தம்பி கோப்பைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல சாமி எங்க வரும்?" என்றான்.

பல்லின் வளைவு பற்றி ஒரு வரி: கார், மோட்டார் பற்சக்கரத்துக்கு வரும் இன்வல்யூட் வளைவை விடக் கடிகாரத்துக்கு சைக்ளாய்டு வளைவு நல்லது. இங்கே பெரிய சக்கரம் சின்ன பினியனை வேகமாக ஓட்டுகிறது. சைக்ளாய்டில் அந்த இடத்தில் உரசல் குறைவு.

எட்டே பல் பினியனை மரத்தில் வெட்டினால் உடையாதா?

உடையும். அதனால் வெட்டாதீர்கள். இரண்டு வட்டத் தட்டுக்கு நடுவில் எட்டுக் கம்பி குத்தினால் சின்னக் கூண்டு மாதிரி இருக்கும். அதுவே பினியன். கம்பி 20 மிமீ வட்டத்தில் சம தூரத்தில் நிற்க வேண்டும். 3 மிமீ சில்வர் ஸ்டீல் கம்பி வாங்குங்கள். கடையில் அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எவர்சில்வர் கம்பியைக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். கூண்டு பினியனுக்கு இன்னொரு வசதி, நம் கைவேலையில் வரும் அரை மிமீ பிசகை அது மன்னித்துவிடும்.

எடைக்கு என்ன போட்டீர்கள்?

கிரானைட். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு ஈயம் தேடிப் போவானேன்? கிச்சன் மேடை போடும் இடத்தில் 2 செமீ தடிமன் வெட்டுத்துண்டு குவிந்து கிடக்கும். 10 செமீக்கு 10 செமீ சதுரமாக அறுத்து, நடுவில் ஒரு துளை போடச் சொன்னேன். ஒரு துண்டு சுமார் 540 கிராம். எட்டுத் துண்டை ஒரு கம்பியில் கோத்து அடியில் நட்டு போட்டால் 4.3 கிலோ. குறைக்க வேண்டுமா, ஒரு துண்டைக் கழற்றுங்கள். பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது.

உருளை விட்டம் 50 மிமீ, கயிற்றின் தடிமனையும் சேர்த்து 53. நாளுக்கு இரண்டு சுற்று, ஆகவே கல் நாளுக்கு 33 செமீ இறங்கும். ஆள் உயரத்தில் மாட்டினால் நான்கு நாள் வரை தாங்கும். நான் ராத்திரி சாப்பிட்டதும் தினமும் ஏற்றிவிடுகிறேன்.

கடிகாரம் நின்று நின்று போகிறது. இன்னும் இரண்டு கிலோ சேர்க்கட்டுமா?

போனில் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். சேர்க்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

4.3 கிலோ கல் ஒரு நாள் முழுக்க இறங்கித் தரும் சக்தி மொத்தம் 14 ஜூல். ஒரு 9 வாட் எல்இடி பல்பு அதை ஒன்றரை விநாடியில் குடித்துவிடும். அதை வைத்துத்தான் இந்தக் கடிகாரம் ஒரு நாளை ஓட்டுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் எஸ்கேப் சக்கரம் 720 சுற்று சுற்றுகிறது. வேகம் அத்தனை மடங்கு ஏறும்போது பலம் அத்தனை மடங்கு இறங்கும். உரசலே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 90 மிமீ எஸ்கேப் சக்கரத்தின் பல் நுனிக்கு வந்து சேர்வது மூன்றரை கிராம். மேலே நாலு கிலோ, கீழே மூன்றரை கிராம்! வழியில் ஒரு தண்டு இறுக்கமாக இருந்தால் அதுவும் இல்லை.

என் இரண்டாவது கடிகாரம் நின்றபோது நான் செய்தது நீங்கள் செய்ய நினைக்கும் அதே காரியம்தான். நாலு கிலோவை ஐந்தரை ஆக்கினேன், ஓடியது. பத்து நாளில் நின்றது. ஏழு ஆக்கினேன். மறுபடி ஓடியது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, உருளை பின்னால் சுற்றாமல் பிடிக்கும் ராட்செட் நாக்கின் திருகு ப்ளைவுட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஏழு கிலோவும் நேரே தரைக்கு. டைல்ஸ் இரண்டு போனது. அந்த டைல்ஸை மாற்றவே கூடாது என்று வீட்டம்மா சொல்லிவிட்டார். எனக்கு ஞாபகம் இருக்க வேண்டுமாம். (கல்லுக்கு நேர் கீழே இப்போது மணல் நிரப்பிய மரப்பெட்டி இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த இடத்தை அடைத்தே விடுங்கள்.)

மறுநாள் எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொரு தண்டாகப் பார்த்தேன். அந்த முறையைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் எஸ்கேப் சக்கரத்தை மட்டும் சட்டத்தில் மாட்டுங்கள். வாயால் ஊதினால் சுற்ற வேண்டும், நிற்கும்போது பட்டென்று நிற்காமல் தயங்கி நிற்க வேண்டும். பிறகு அடுத்தது. பிறகு இரண்டையும் சேர்த்து. எந்த இடத்தில் சேர்த்ததும் சுணங்குகிறதோ அங்கே நடுத்தூரம் தப்பு. என் அளவுக்கு நடுத்தூரங்கள் 130, 90, 85 மிமீ. ஆனால் கணக்கை நம்பிச் சட்டத்தில் துளை போட்டுவிடாதீர்கள். கழிவு ப்ளைவுட்டில் போட்டு, ஓட்டிப் பார்த்து, அரை மிமீ தள்ளி இன்னொன்று போட்டுப் பார்த்து, எது லேசாக ஓடுகிறதோ அதைச் சட்டத்துக்கு மாற்றுங்கள். முன் சட்டம் பின் சட்டம் இரண்டையும் சேர்த்து கிளாம்ப் போட்டு ஒரே மூச்சில் துளை. தனித்தனியாகப் போட்டால் தண்டு சாய்ந்துவிடும்.

நின்ற நேரத்தைத் தாளில் குறித்து வையுங்கள், குற்றவாளியை அதுவே காட்டிக் கொடுக்கும். சரியாக ஒவ்வொரு நிமிடமும் தடுமாறினால் எஸ்கேப் சக்கரம். ஏழரை நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் மூன்றாம் தண்டு. மணிக்கு ஒரு தடவை என்றால் நடுத்தண்டு. என் தாளில் 9.10, 9.25, 9.47, 10.02 என்று இருந்தது. இடைவெளி எல்லாம் ஏழரையின் மடங்கு, நிமிடக் கணக்கில் குறித்ததால் அரை அரையாகத் தள்ளிப் போயிருந்தது. மூன்றாம் தண்டின் 60 பல் சக்கரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு பல்லாக விரல் நகத்தால் தடவினேன். நாற்பத்தி ஏதோ ஒரு பல்லின் அடியில் கடுகு அளவு பெவிகால். காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. உளி நுனியால் ஒரு சுரண்டு. அதே கடிகாரம் அன்றைக்கு மூன்றரைக் கிலோவில் ஓடியது.

எண்ணெய் விடலாமா?

மரத்தில் விடாதீர்கள், ஊதும், தூசி பிடிக்கும். பென்சில் கரியைப் பொடித்துத் தடவுங்கள். 3 மிமீ தண்டுக்கு 623 நம்பர் பேரிங் போட்டால் அதில் உள்ள கிரீஸைப் பெட்ரோலில் கழுவி எடுத்துவிட வேண்டும்; மூன்றரை கிராம் பலத்தால் அந்தக் கிரீஸைக் கலக்க முடியாது. வெளியில் வைத்துக் கழுவுங்கள், பக்கத்தில் நெருப்பு ஆகாது.

வெளிநாட்டு வரைபடத்தில் ஊசல் 994 மிமீ என்று போட்டிருக்கிறது. அப்படியே செய்தேன், தினமும் இரண்டு நிமிடம் தாமதம். எங்கே தப்பு?

தப்பு உங்கள் மேல் இல்லை, பூமி மேல். பூமி முழு உருண்டை இல்லை, நடுவில் கொஞ்சம் பருத்தது. அதோடு சுற்றவும் செய்கிறது. அதனால் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு சற்றுக் குறைவு, ஊசல் மெதுவாக ஆடும். 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸில் சரிபார்த்த கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது; ஊசலைக் குட்டையாக்க வேண்டியதாயிற்று. பூமியின் வடிவத்தைப் பற்றி நியூட்டன் எழுதியபோது இதையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். உங்களுக்கு நடந்ததும் அதே.

நம் பக்கம் 12 டிகிரி சொச்சம் அட்சரேகை, கடல்மட்டத்துக்கு மேல் ஐந்நூறு மீட்டர் அளவு. விநாடிக்கு ஒரு டிக் வேண்டுமானால் கணக்கு நீளம் 991 மிமீ. ஆனால் தண்டுக்கும் எடை உண்டு என்பதால் குண்டின் நடு அதற்குச் சற்றுக் கீழேதான் போய் நிற்கும். ஆகவே தண்டை 110 செமீக்கு வெட்டி, கடைசி 10 செமீயில் மரை போட்ட கம்பி மாட்டுங்கள். 6 மிமீ போல்ட் மரையில் நட்டை ஒரு சுற்று சுற்றினால் குண்டு 1 மிமீ நகரும். நாளுக்கு 43 விநாடி மாறும். கால் சுற்று திருப்பி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று தடவை திருப்பினால் எது எதனால் மாறியது என்றே தெரியாது.

தண்டு மரமாகவே இருக்கட்டும், நேர் நாராகத் தேர்ந்தெடுத்து பாலிஷ் போட்டது. இரும்புத் தண்டு பத்து டிகிரி சூட்டுக்கு நாளுக்கு ஐந்து விநாடி பின்தங்கும். மரம் நீளவாக்கில் அதில் பாதிகூட நீளாது. தண்டைத் தொங்கவிட மெக்கானிக் கடை ஃபீலர் கேஜில் உள்ள மெல்லிய தகடு ஒன்று போதும்.

டிக் ஒரு மாதிரியும் டாக் ஒரு மாதிரியும் கேட்கிறது.

நொண்டி அடிக்கிறது என்று அர்த்தம். கடிகாரம் கோணலாகத் தொங்குகிறது, அல்லது ஊசலைத் தள்ளும் கவை ஒரு பக்கம் வளைந்திருக்கிறது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கடிகாரத்தை இம்மி இம்மியாகச் சாயுங்கள். சமமானதும் அந்த இடத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டு, கவையைச் சாய்ந்த அளவுக்கு வளைத்துக் கடிகாரத்தை நேராக்குங்கள்.

பகலில் சரியாக ஓடி ராத்திரியில் மட்டும் நேரம் தப்புகிறதே?

ராத்திரி ஃபேன் போடுகிறீர்களா? அதுதான். சீலிங் ஃபேன் காற்று ஊசலைத் தட்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடிக் கதவு வைத்த பெட்டிக்குள் வையுங்கள். பெட்டி போட்டால் பல்லியும் வராது. குளவி ஒன்று எஸ்கேப் சக்கரத்துக்குப் பின்னால் மண்கூடு கட்டி முடிக்கும் வரை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

முகப்பில் தமிழ் எண் போடலாமா? நாழிகை காட்ட வைக்க முடியுமா?

எண் தாராளமாகப் போடலாம். பழைய முறைப்படி பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றும் ௰, ௰௧, ௰௨. என் முகப்பில் அப்படித்தான். பால்காரர் இன்னும் முள் நிற்கும் திசையை வைத்தே மணி சொல்கிறார்.

நாழிகை என்பது 24 நிமிடம். நிமிடத் தண்டில் 50 பல் சக்கரம் வைத்து 20 பல் சக்கரத்தை ஓட்டினால் அது 24 நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும். இயந்திரம் சுலபம். ஆனால் நாழிகையை எண்ணுவது சூரிய உதயத்திலிருந்து. உதயம் தினமும் நகரும். காலையில் எழுந்து முள்ளைத் திருப்பி வைக்கத் தயார் என்றால் செய்யுங்கள். சூரியனைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கும் ஒன்று: இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, நாம் இருப்பது 78.2. சூரியன் நம் தலைக்கு மேல் வர சராசரியாக 17 நிமிடம் தாமதம். செல்போனைப் பார்த்து வைத்துக்கொள்வதே உத்தமம்.

கரண்ட் போனால்?

ஓடும்.

எனக்கு ஒன்று செய்து தருவீர்களா? காசு தருகிறேன்.

மாட்டேன். ஒன்று முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆகிறது, அதற்கு எந்த விலை சொன்னாலும் நீங்கள் அதிர்ச்சி ஆவீர்கள். வரைபடக் கோப்பைக் கேட்டால் தருகிறேன். சக்கரங்களை வெட்டி எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வாருங்கள், நடுத்தூரத்தைச் சேர்ந்து பார்த்துத் துளை போடலாம். 3 மிமீ டிரில் பிட் இரண்டு வாங்கி வந்துவிடுங்கள். என்னிடம் இருந்தது போன வாரம்தான் தேக்குச் சட்டத்துக்குள் ஒளிந்திருந்த ஆணியில் பட்டு உடைந்தது.